வலிக்காமல் வளைக்கும் கலை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அந்த அவசரத்தில் மன நிம்மதியை எங்கோ வைத்துவிட்டு, இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டெடுத்துக் கொடுக்கும் மாபெரும் பொறுப்பு, யாங்கோன் நகரம், பசுந்தாங் வட்டாரம், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் திரு. காசிவிசுவநாதனின் தலையில் வந்து விழுந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தம் பூஜை அறையில் மண்டியிட்டிருந்தார். நெற்றி நிறைய வியர்வை. கையில் தலைகீழாக ஒரு தொட்டி.

"தட்டுங்க அத்தான்! தொட்டியோட குண்டியில தட்டுங்க!" என்று தரையில் கிடந்த போன் கத்தியது.

"தட்டிட்டேன்டா! வர மாட்டேங்குது!"

"மெதுவா! வேர் அறுந்துச்சுன்னா செடிக்கு ஸ்ட்ரெஸ் ஆயிரும்!"

"எனக்கு இப்ப என்ன ஆகிக்கிட்டிருக்குன்னு நெனக்கிறே?"

தொட்டி அசைந்தது. மண்ணும் வேருமாக ஒரு கட்டி அவருடைய உள்ளங்கையில் வந்து இறங்கியது. பிரசவ வார்டில் நிற்கும் தகப்பனைப் போல அவர் அதைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் வாசல் கதவு தட்டப்பட்டது.

காசிவிசுவநாதனின் இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டது. ஏனென்றால் அவர் கையில் இருந்தது ரோஜாச் செடி அல்ல. துளசி அல்ல. கஞ்சா.

இந்த நாட்டுச் சட்டம் கஞ்சாவைப் பற்றிப் பேசும்போது துளிகூட நகைச்சுவை உணர்வைக் காட்டுவதில்லை. பிடிபட்டால் ஜெயில். வருஷக் கணக்கில். உத்தியோகம் போகும்; மானம் போகும்; கோயில் கமிட்டியில் துணைச் செயலாளர் பதவியும் போகும். இந்த மூன்றில் எது பெரிய நஷ்டம் என்று அவராலேயே சொல்ல முடியாது.

அப்படியானால் ஏன் வளர்த்தார்? அங்கேதான் அவருடைய தியாகம் இருக்கிறது.

லைங் தாயாவில், ஏற்றுமதிச் சட்டை தைக்கும் ஒரு தொழிற்சாலையில் அவர் 'மன அழுத்தக் குறைப்பு அலுவலர்'. முன்பு அதே இடத்தில் ஓவர்டைம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். சட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் "உங்கள் தொழிலாளர்களின் மனநலத்துக்கு யார் பொறுப்பு?" என்று ஒரு நாள் கேட்க, மேலாளர் சுற்றிப் பார்த்தார். கண்ணில் பட்டவர் காசிவிசுவநாதன். அன்று முதல், தையல் பெண்களின் அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து, குறைத்ததையெல்லாம் பத்திரமாகத் தம் ரத்தத்தில் ஏற்றிக்கொண்டார். டாக்டர் பிரஷர் பார்க்கும் கருவியையே சந்தேகப்பட்டு இரண்டாவது கருவியைக் கொண்டுவரச் சொன்னார். வீட்டில் டம்ளர் சத்தமாக வைக்கப்பட்டால் கத்தினார். மெதுவாக வைக்கப்பட்டாலும் 'எதுக்கு இவ்வளவு மெதுவா?' என்று கத்தினார்.

"ஒரே வழிதான் அத்தான்" என்றான் மனைவி இந்துமதியின் தம்பி விவேக்.

விவேக் பாங்காக்கில் இருக்கிறான். 'கஞ்சாத் துறையில்' பணி. அதாவது, ஒரு கஞ்சாக் கடை வாசலில் பச்சை இலைப் படம் போட்ட பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை. பலகைக்குப் பின்னால் நிற்பதால் இலையை அவன் பார்த்ததில்லை. ஆனால் பார்த்தவர்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான். நிபுணர் என்று சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்? தாய்லாந்திலிருந்து திரும்பிய ஒருவர் கையில், டாம்யம் மசாலாப் பொட்டலத்துக்குள் வைத்து, விதையை அனுப்பி வைத்தான். அது முளைத்தது. பூஜை அறையில், சாமி அலமாரிக்குக் கீழே, ஊதா விளக்கின் அடியில் வளர்ந்தது. பசுந்தாங்கில் கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். ஆகவே இன்வெர்ட்டர் பாட்டரி முழுவதும் செடிக்கு ஒதுக்கப்பட்டது. வீட்டார் இருட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்த வீட்டுல வேர்க்காம இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றாள் இந்துமதி.

"அதுக்கு ஸ்ட்ரெஸ் ஆகக் கூடாது இந்து."

"நான் ஒண்ணும் சொல்லலையே. நல்லா இருக்கட்டும்."

விவேக் சொல்லிக்கொடுத்த வித்தைக்கு 'லோ ஸ்ட்ரெஸ் டிரெய்னிங்' என்று பெயர். செடியின் உச்சியை நேராக மேலே போக விடக்கூடாது. வெட்டவும் கூடாது. மெல்ல வளைத்து, நூலால் கீழே இழுத்துக் கட்ட வேண்டும். உச்சி தாழ்ந்ததும் பக்கக் கிளைகள் எல்லாம் 'இனி நான்தான் தலை' என்று எண்ணிக்கொண்டு எழும்பும். விளைச்சல் பெருகும். "செடிக்கே தெரியாம வளைக்கணும் அத்தான். இன்னிக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம்." இதைக் கேட்டபோது காசிவிசுவநாதனின் உடம்பு சிலிர்த்தது. தாம் இத்தனை காலம் தேடிய நிர்வாகத் தத்துவம், ஒரு தொட்டிக்குள் அல்லவா இருந்திருக்கிறது!

கட்டுவதற்கு ரப்பர் சுற்றிய கம்பி வேண்டும் என்றான் விவேக். வீட்டில் இருந்தது பூஜைப் பெட்டியில் மஞ்சளில் நனைத்து வைத்த நூல்கண்டு. அதுவும் மெத்தென்றுதானே இருக்கிறது என்று நான்கு திசையிலும் இழுத்துக் கட்டினார். எளிய, சிறிய முடிவு. இந்த முடிவுதான் அவரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

செடியை அவசரமாகப் பெரிய தொட்டிக்கு மாற்றி, அவிழ்த்த நூல்களைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கும்போதே கதவு மறுபடியும் தட்டப்பட்டது. இந்துமதி திறந்தாள்.

வந்தவள் காளியம்மா. மூன்றாம் மாடி. தெருமுனையில் தோசைக் கடை; கோயிலில் விளக்குப் பூஜைக் குழுவின் நிரந்தரத் தலைவி. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றினால் நேரே சாமி அறைதான். அவளை யாரும் தடுத்ததில்லை. தடுத்தவர்கள் யாரும் இப்போது அந்தக் கட்டடத்தில் குடியில்லை.

"என்ன தாயீ, ஊரே கரண்ட் இல்லாம கெடக்கு, ஒங்க சாமி ரூமு வெண்டிலேட்டர்ல மட்டும் ஊதா ஊதாவா வெளிச்சம் வருது? அகண்ட தீபமா?"

தாழ்ப்பாள் பழசு. காளியம்மா புதிதாகத் தள்ளினாள். கதவு திறந்தது.

அவள் கண்ட காட்சி: ஊதா ஒளி. நடுவில் பெரிய புதுத் தொட்டி. அதில் பணிவாகக் குனிந்து நிற்கும் ஒரு செடி. நான்கு பக்கமும் மஞ்சள் நூல். எதிரே மண்டியிட்டு, கையெல்லாம் மண்ணாக, கண்ணில் நீர் முட்ட ஒரு மனிதர்.

தமிழ்ச் சனம் செடியில் மஞ்சள் நூலைக் கண்டால் கேள்வி கேட்காது. கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

"தாயே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் காளியம்மா. "என்ன வேண்டுதல் தம்பி?"

காசிவிசுவநாதனுக்கு முன்னால் இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று உண்மை, அதன் முடிவில் கம்பி. மற்றது பக்தி.

"மன... மன நிம்மதிக்கு, அக்கா" என்றார்.

"என்ன செடி இது?"

"மூலிகை."

காளியம்மா குனிந்து இலையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பிறகு இந்துமதியைப் பார்த்தாள். இந்துமதி கூரையைப் பார்த்தாள்.

"இலை அஞ்சு வெரலா விரிஞ்சிருக்கு. ஆத்தா கை மாதிரி" என்றாள் காளியம்மா, மெல்ல. "அஞ்சுகை ஆத்தா."

சொல்லிவிட்டு நூல்கண்டை எடுத்தாள். ஒரு முழம் அறுத்தாள். இன்னும் கட்டப்படாமல் இருந்த ஒரு கிளையை வளைத்தாள்.

"அக்கா! இறுக்காதீங்க!"

"ஆத்தாவுக்கு வலிக்குமா?"

"ஸ்ட்ரெஸ் ஆகும்!"

"எம் மவனுக்குப் பாஸ்போர்ட் வராம எனக்கு ஆகுறதைவிடவா?" என்றபடி முடிச்சுப் போட்டாள்.

தரையில் கிடந்த போனிலிருந்து விவேக்கின் குரல் கேட்டது. "அத்தான்? டிரான்ஸ்பிளான்ட் ஆயிருச்சா?"

"யாரு தம்பி அது?"

"அசரீரி" என்றாள் இந்துமதி. போனை எடுத்து அணைத்தாள்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதுதான் வினை.

பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் மாதக்கணக்கில் நின்றவன் காளியம்மாவின் மகன்; புகழ் போய்ச் சேர்ந்தது செடிக்கு. அடுத்த ஞாயிறு ஐந்தாம் மாடி வரைக்கும் படிக்கட்டெல்லாம் செருப்பு. தாமுவே வட்டாரத்திலிருந்துகூட ஆள் வந்தது. விசாவுக்கு ஒரு நூல். வீட்டுக்காரன் வாடகையை ஏற்றாமல் இருக்க ஒரு நூல். மருமகள் தனிக்குடித்தனம் போக ஒரு நூல். அதே மருமகள் போகாமல் இருக்க மாமியார் ஒரு நூல். எதிர் வீட்டுப் பர்மியக் குடும்பம், தாங்கள் கும்பிடும் 'நாட்' தேவதைகளுக்கு வைப்பதுபோலவே, பச்சைத் தேங்காயும் வாழைச் சீப்புமாகத் தட்டு வைத்தது. யாரோ ஒரு புண்ணியவதி பர்மியப் பெண்கள் கன்னத்தில் பூசும் தனக்காச் சாந்தைத் தொட்டிக்கே பூசிவிட்டாள்.

ஒவ்வொரு நூலும் ஒரு கிளையை வளைத்தது. வளைந்த கிளை ஒவ்வொன்றிலிருந்தும் பத்துக் குருத்து எழுந்தது. காசிவிசுவநாதன் படம் எடுத்து அனுப்பினார். இணையம் விட்டு விட்டு வரும் ஊரில், பாதிப் படம்தான் போய்ச் சேரும்.

"அத்தான், சான்ஸே இல்ல!" என்றான் விவேக். "இப்பிடி ஒரு டிரெய்னிங்கை எங்க பாங்காக்லயே பாத்ததில்ல. யாரு கட்டுனது?"

"பக்தர்கள்."

"தண்டு செவப்பா தெரியுதே?"

"ஆமா. ஏன்?"

விவேக் சற்று நேரம் யோசித்தான். நிபுணர்கள் 'தெரியாது' என்று சொல்வதற்கு முன்னால் எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அதற்கப்புறம் அவர்கள் வேறெதையாவது சொல்லிவிடுவார்கள். "பர்ப்பிள் வகை அத்தான். ரொம்ப வீரியம்."

வீரியம் காசிவிசுவநாதனுக்கு ஏற்கெனவே தெரியும். உதிர்ந்த இலைகளைப் பக்தியோடு சேர்த்து வைத்து, தினம் காலையில் தேநீரில் கொதிக்கவிட்டுக் குடித்து வந்தார். முதல் நாள் கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றியதும் திரிந்து போயிற்று. "அவ்வளவு பவர்!" என்றான் விவேக். பிறகு பாலில்லாமல் குடித்தார். அரை மணி நேரத்தில் தோள்கள் தளர்ந்தன. நெஞ்சில் ஏதோ அவிழ்ந்தது. இந்துமதி வேண்டுமென்றே டம்ளரை 'ணங்'கென்று வைத்துப் பார்த்தாள். அவர் புன்னகைத்தார். டாக்டர் இந்தமுறை முதல் கருவியையே நம்பினார்.

இந்த ஞான நிலையில்தான் அவர் தொழிற்சாலையில் தம் வரலாற்றுச் சொற்பொழிவை நிகழ்த்தினார்.

"ஒரு செடியை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார், தையல் பெண்களிடம், பர்மிய மொழியில். "என்ன செடி என்பது முக்கியமில்லை. அதை வெட்டினால் வலிக்கும். மெல்ல வளைத்தால்? வலியே தெரியாது! வளைந்த செடிதான் அதிகம் விளையும்! கண்ணை மூடுங்கள். மூச்சை இழுங்கள். வளையுங்கள்!"

மேலாளருக்குப் புல்லரித்தது. அன்றே 'அழுத்தமில்லா வளைத்தல் திட்டம்' அமலுக்கு வந்தது. பெண்களை வீட்டுக்குக் கொண்டுபோகும் பஸ், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாகக் கிளம்பும்; அதுவரை தையல் ஓடும். ஒரேயடியாக ஓவர்டைம் என்று சொன்னால் அல்லவா அழுத்தம்? இது யாருக்கும் தெரியாது. ஈடாக, தினமும் கூட்டாக மூச்சுப் பயிற்சி. மனிதாபிமானம் என்றால் இதுதான்.

காலர் தைக்கும் மா தீரி என்ற பெண் கையைத் தூக்கினாள்.

"ஸயா, ஒரு சந்தேகம். செடிக்கு வலிக்கவில்லை என்று சொன்னது யார்? செடியா, கட்டினவரா?"

"மிக நல்ல கேள்வி" என்றார் காசிவிசுவநாதன். "மூச்சை இழுங்கள்."

அன்று மாலை வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தார். "பாத்தியா இந்து, எப்பிடிக் கேக்குதுங்க!"

இந்துமதி சிரிக்கவில்லை. "பஸ்ஸு எப்பக் கெளம்புச்சு?"

"கொஞ்சம் லேட்டு. அவங்களுக்கே தெரியாது."

"ஓ" என்றாள் இந்துமதி. உள்ளே போய்விட்டாள்.

எல்லாம் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது, விவேக் ஒரு வாக்கியம் சொன்னான். விவேக்கின் வாழ்க்கையிலேயே சரியான தகவலோடு வந்த வாக்கியம் அநேகமாக அது ஒன்றுதான்.

"அத்தான், பூக்கிற பருவம் வந்திருச்சுல்ல? இனிமே வாசனை கெளம்பும். சாதாரண வாசனை இல்ல. தெருக்கோடி போலீஸ்காரன் தூக்கத்துல எந்திரிச்சு வருவான்."

காசிவிசுவநாதனின் நிம்மதி ஜன்னல் வழியாக வெளியேறியது. படிக்கட்டெல்லாம் சாட்சிகள். வந்து போனவர்கள் ஒவ்வொருவரும் 'ஆமாங்க, அவர் வீட்டுலதான், நாங்களே நூல் கட்டுனோம்' என்று சொல்வார்கள். இவ்வளவு கூட்டத்தைக் கூட்டி வைத்துக் கஞ்சா வளர்த்தவன் இந்த உலகத்தில் உண்டா?

"வாய்க்கால்ல கொண்டுபோய்ப் போட்டுர்றேன்" என்றார். "இன்னிக்கே. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருப்பாங்க."

"எதுக்குங்க? பாவம், அது பாட்டுக்கு நிக்கிது" என்றாள் இந்துமதி.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது! ஜெயில்டீ!"

அரிசிச் சாக்கால் தொட்டியை மூடி, தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான்காம் மாடி கடந்தது. மூச்சு விடவில்லை. மூன்றாம் மாடி. காளியம்மா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்த்தாள். சாக்கின் ஓட்டை வழியாக ஒரு மஞ்சள் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆத்தா எங்க போறா?"

"சும்மா... காத்து வாங்க..."

"ஊர்வலமா!" காளியம்மா துள்ளி எழுந்தாள். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா தம்பி? ஏட்டீ! எல்லாரும் எறங்குங்க! ஆத்தா பொறப்பட்டுட்டா!"

கதவுகள் திறந்தன. கோயிலிலிருந்து மத்தளம் வந்தது. யாரோ சாக்கை உருவினார்கள். யாரோ மாலை போட்டார்கள். தொட்டிக்கு ஒன்று, சுமந்தவருக்கு ஒன்று. தம் வாழ்நாளின் மிக ரகசியமான குற்றத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பட்டப்பகலில், மத்தள ஓசையோடு, காசிவிசுவநாதன் பசுந்தாங் சந்துகளை வலம் வந்தார். பலகாரக் கடைக்காரர் எழுந்து நின்றார். சைக்கார் ரிக்ஷா ஓட்டி வண்டியை ஓரங்கட்டினான். 'இந்தப் பக்கம் வேண்டாம், வேண்டாம்' என்று அவர் கெஞ்சக் கெஞ்ச, காளியம்மா கூட்டத்தை நேராக வார்டு அலுவலகத்து வாசல் வழியாகவே திருப்பினாள். "அவங்களும் கும்பிடட்டுமே!"

வாசலில் நின்றிருந்தார் வார்டுத் தலைவர் ஊ தெய்ன் மௌங். பெரிய மீசையும் சிறிய பேச்சும் உள்ள மனிதர். செடியைப் பார்த்தார். காசிவிசுவநாதனைப் பார்த்தார். மறுபடி செடியைப் பார்த்தார்.

"கோ காசி" என்றார். "உங்கள் வீட்டுக்கு வருகிறேன்."

ஐந்து மாடி ஏறுவது என்பது, கைதுக்கு முன்னால் மனிதனுக்குக் கொடுக்கப்படும் மிக நீண்ட யோசனை நேரம். ஒவ்வொரு படியிலும் காசிவிசுவநாதன் ஒவ்வொரு வாக்குமூலத்தைத் தயாரித்தார். மச்சினன்தான் காரணம் என்று ஒன்று. டாக்டர்தான் காரணம் என்று ஒன்று. 'எனக்கே தெரியாமல் முளைத்தது' என்று ஒன்று. அது அவருக்கே பிடித்திருந்தது.

தொட்டியைப் பூஜை அறையில் இறக்கி வைத்தார். ஊ தெய்ன் மௌங் அதற்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். இரைத்தது. கூட்டம் பின்னாலேயே ஏறிவந்து வாசலில் நெருக்கியடித்தது. இந்துமதி தண்ணீர் கொண்டுவரத் திரும்பினாள்.

"வேண்டாம் மா இந்து. வாய்தான் உலர்ந்துவிட்டது" என்றபடி வார்டுத் தலைவர் கையை நீட்டினார். நூல்களுக்கு நடுவே ஒரு குருத்து இலையைக் கிள்ளினார்.

வாயில் போட்டு மென்றார்.

காசிவிசுவநாதன் கண்ணை மூடிக்கொண்டார். அரசாங்கத்தின் பிரதிநிதி கஞ்சாவை மென்று தின்கிறார். அதுவும் தம் வீட்டில். இதற்கு என்ன பிரிவோ, எத்தனை வருஷமோ!

"நல்ல சின்பௌங்" என்றார் ஊ தெய்ன் மௌங்.

காசிவிசுவநாதன் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன பெரியவரே?"

"சின்பௌங். நல்ல புளிப்பு. கடைத்தெருவில் இப்படிக் கிடைப்பதில்லை. எப்படி இவ்வளவு கிளைத்தது என்று கேட்கத்தான் வந்தேன். என் மனைவி மொட்டை மாடியில் போட்டது ஒற்றைக் குச்சியாக நிற்கிறது."

சின்பௌங். அதாவது புளிச்சைக்கீரை. யாங்கோனில் அதை இறாலோடு வதக்காத வீடு கிடையாது; குழம்பு வைக்காத நாள் கிடையாது. காசிவிசுவநாதனும் பிறந்ததிலிருந்து தின்கிறார். ஆனால் அவர் அதை எப்போதும் தட்டில்தான் பார்த்திருக்கிறார்.

"ஒங்க... ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார், நாக்கு குழற.

எதிர்வீட்டுப் பர்மியப் பெண்மணி தலையைக் குனிந்துகொண்டாள். "முதல் நாளே தெரியும். ஆனால் எப்படிச் சொல்வது? நீங்கள் தெய்வம் என்று கும்பிடும்போது கீரை என்று சொன்னால் உங்கள் மனம் புண்படாதா? ஆனாடெ."

ஆனாடெ. பர்மியர்களின் மகத்தான பண்பு. அடுத்தவருக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொள்வது. ஒரு தெருவே அவருக்காகச் சங்கடப்பட்டு, வாரக்கணக்கில் கீரைக்குத் தேங்காய் உடைத்திருக்கிறது.

"காளியம்மாக்கா! நீங்களுமா?"

"நான் தோசைக் கடைக்காரி தம்பி. புளிச்சை தெரியாதா எனக்கு?" என்றாள் காளியம்மா, கொஞ்சமும் அசையாமல். "துளசி சாமின்னா புளிச்சை சாமியாகக் கூடாதா? பாஸ்போர்ட்டு வந்துச்சா இல்லையா?"

ஊ தெய்ன் மௌங் ஒரு கைப்பிடி இலையைப் பிரசாதமாகப் பறித்துக்கொண்டு, கிளைகளை வளைக்கும் முறையைக் காளியம்மாவிடம் கேட்டபடியே இறங்கிப் போனார். கூட்டம் கலைந்தது. மத்தளமும் போயிற்று.

வீட்டில் இரண்டு பேர்தான் மிச்சம். காசிவிசுவநாதன் தொட்டிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"அற்புதம் இந்து! அற்புதம்! ஆத்தா என்னைக் காப்பாத்த கஞ்சாவைக் கீரையாக்கிட்டா! நூலை எடு! நானும் ஒண்ணு கட்டுறேன்!"

"எந்திரிங்க. சட்டையெல்லாம் மண்ணு."

"ஒனக்குப் பக்தியே இல்லடீ!"

இந்துமதி பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த வெதையை நட்டது யாருன்னு நெனவிருக்கா?"

அவர் தலையைத் தூக்கினார்.

"நல்ல நாளு பாத்து, நேரம் பாத்து, 'ஒனக்குத்தான் கைராசி இந்து, ஒங் கையால போடு' ன்னு எங்கிட்ட குடுத்தீங்க. நீங்க கண்ணை மூடிக்கிட்டு 'பிள்ளையாரே, பிள்ளையாரே' ன்னுக்கிட்டு நின்னீங்க. நான் போட்டேன். சமையக்கட்டுல இருந்த புளிச்சை வெதையை."

பூஜை அறையில் ஊதா விளக்கு ஒரு முறை சிமிட்டியது. கரண்ட் போயிருக்க வேண்டும்.

"அப்ப... விவேக் அனுப்புனது?"

"ஜன்னல்ல பொறாவுக்குப் போட்டுட்டேன்."

அந்தப் புறாக்கள் அவர் நினைவுக்கு வந்தன. ஒரு வாரம் முழுக்கக் கம்பியில் உட்கார்ந்து, பஸ் ஹாரனுக்கும் அசையாமல், உலகத்தையே மன்னித்தவை போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தனவே!

"அப்ப, நான் தெனம் காலையில குடிச்ச டீ? எனக்கு வந்த நிம்மதி?"

"கீரைத் தண்ணி. ஒடம்புக்கு நல்லதுதான்."

காசிவிசுவநாதன் எழுந்து உட்கார்ந்தார். கழுத்தில் மாலை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது, பிறகு, வாரக்கணக்கில் அந்த வீட்டில் கேட்காத அந்தப் பழைய குரல் திரும்பி வந்தது.

"ஏமாத்திட்டே! மூணு மாசமா என்னைய ஏமாத்தியிருக்கே! கட்டுன புருஷன்கிட்ட கீரையக் காட்டி, இதுதான்யா நிம்மதின்னு நம்ப வெச்சு... நல்லா இருக்கியாடீ?"

"ஆமாங்க, ஏமாத்துனேன்" என்றாள் இந்துமதி. அவருடைய கழுத்திலிருந்து மாலையை மெல்லக் கழற்றினாள். "ஒரே ஒரு ஆளை. அதுவும் அவரு ஜெயிலுக்குப் போயிரக் கூடாதேன்னு. நீங்க அங்க ஒரு ஃபேக்டரிப் பொண்ணுங்களையே தெனம் கண்ணை மூடச் சொல்லிட்டு பஸ்ஸைப் பிடிச்சு வைக்கிறீங்களே, அது யாரைக் காப்பாத்த?"